ஷெட்டில் நிற்கிற மாப்பிள்ளை

செப்டம்பர் 9, திங்கள்

பி.பி. டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். கோபம் வந்தால் கத்தாமல் எழுத வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் இந்த டைரி தீபாவளிக்குள் தீர்ந்துவிடும்.

இன்று காலையிலேயே ஆரம்பம். ஃபவுண்டரி ராஜாமணி போன் செய்து, பம்ப் பேட்டர்ன் என்னாச்சு என்று கேட்டான். நான் பேட்டர்ன் செய்கிறவன். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் மணலில் ஒரு குழி பதிய வேண்டும், அந்தக் குழிக்கான உருவத்தை மரத்தில் செய்து தருவது என் வேலை. கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில்தான் எல்லாம். ராஜாமணி கேட்ட பேட்டர்னுக்கு இன்னும் பலகையே அறுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆகிக்கொண்டே இருக்கிறது என்றேன்.

மத்தியானம் வினோதினி ஷெட்டுக்கு வந்தாள். மகள். கூடவே ஆஷிக், அவளோடு படித்தவன், உக்கடத்துப் பையன். இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கம்பெனி என்றால் எங்கள் மாடி ரூமும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கிற ரோபோ ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, வரைபடம் வேண்டாம், ஆள் உயரத்துக்கு அசல் மாதிரி ஒன்று கொண்டுவந்து எங்கள் வார்டுக்குள் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டதாம்.

"மரத்துல செஞ்சு தர்றீங்களாப்பா? உள்ள சக்கரம், மோட்டர் எல்லாம் ஆஷிக் பாத்துக்குவான். உடம்பு மட்டும்."

"எத்தன உசரம்?"

"என் உசரம். படுத்திருக்கறவங்க அண்ணாந்து பயப்படாத அளவு."

ஆகட்டும் என்றேன். ராஜாமணி காத்திருக்கட்டும்.

செப்டம்பர் 11, புதன்

வேலை ஆரம்பம். ஆஷிக் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்கேல்களைப் பார்த்து, எதற்கு இத்தனை என்று கேட்டான். கேள்வி கேட்கிற பையனை எனக்குப் பிடிக்கும். சொன்னேன். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஸ்கேலையே பெரிதாக அடித்துவிட்டார்கள். வார்ப்பிரும்புக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று, ஸ்டீலுக்கு ஒன்று. ஸ்டீலுக்கான ஸ்கேலில் ஒரு மீட்டர் என்று போட்டிருக்கிற இடம் உண்மையில் அதைவிட இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்.

"அப்ப இது பொய் சொல்ற ஸ்கேலுங்களா?" என்றான்.

ஸ்கேல் பொய் சொல்லாது, இரும்புதான் சுருங்குது என்றேன். சிரித்தான்.

மார்புப் பலகைகளுக்குக் குறி போட்டேன். பைன் நல்ல வாசனையாக இருந்தது. கை வேலையில் விழுந்துவிட்டால் பி.பி.யும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது.

செப்டம்பர் 14, சனி

தோள் இரண்டும் வந்துவிட்டது. கலா (என் சம்சாரம்) டீ கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தலையில்லாத முண்டமாட்ட நிக்குது. பாக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க."

"தல நாளைக்கு."

"சட்டுபுட்டுனு வெச்சிருங்க. அக்கம்பக்கத்துல பில்லி சூனியம்னு சொல்லப் போறாங்க."

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. இனி ஒரு மாசம் கறி கிடையாது. இன்றைக்கு மூன்று பேரிடம் சண்டை: கேஸ்காரன், ராஜாமணி, பக்கத்து வீட்டு நாய்.

தலை வைத்தாயிற்று. முகத்தில் டேப்லெட் ஒன்று வைக்க ஒரு பள்ளம். அதில் கண் இரண்டு சிமிட்டுமாம். கலா இப்போது அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறாள். "மாப்பிள்ளைக்குக் காபி வேணுமான்னு கேளுங்க" என்கிறாள். வினோதினிக்கு இருபத்தேழு வயசாகிறது. கோபியிலிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தியும் இருக்கிறது. அந்தக் கடுப்பைத்தான் இப்படிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

சாப்பிடும்போது வினோதினி சொன்னாள். ஆஸ்பத்திரி சரி என்று சொன்னால், புனேயில் ஒரு கம்பெனி இதை உற்பத்தி செய்ய எடுத்துக்கொள்ளுமாம். இவளும் அங்கே போய்விட வேண்டுமாம்.

"எத்தன நாளு?"

"நாளில்லப்பா. அங்கயேதான்."

"ஆஸ்பத்திரி வேண்டான்னு சொல்லிட்டா?"

"அதோட முடிஞ்சுது. கம்பெனிய மூடிட்டு, அம்மா சொல்ற கோபிக்காரங்கள வரச் சொல்லிர வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

நல்ல விஷயம். பிள்ளைகள் முன்னேறினால் யாருக்குச் சந்தோஷம் இருக்காது.

கலாவிடம் கேட்டேன், நீ என்ன சொல்ற என்று. அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"போகட்டும் விடுங்க. நான் அந்தத் தெருவுல பொறந்தேன், இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டேன். பஸ்ல ஏறாமயே எனக்குக் கல்யாணம் முடிஞ்சுது. அவளாச்சும் போகட்டும்."

பிறகு ராஜாமணி போன் செய்தான். அவனை நன்றாகத் திட்டினேன். பாவம், அவன் வெறும் தேதிதான் கேட்டான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வேலை செய்யவில்லை. சும்மா நடந்தேன். சத்தி ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போனேன். கலா, செருப்பு தேயுதுங்க என்றாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆஷிக் லேத்தில் கொடுத்துச் செய்த பேஸைக் கொண்டுவந்தான். சக்கரமும் மோட்டரும் வைத்த இரும்புச் சட்டம். ரோபோவின் உடம்பு அதன்மேல் கையுறை மாதிரி உட்கார வேண்டும். உட்கார்ந்தது. ஆனால் ஆடியது. சுற்றிலும் இடைவெளி.

"அளவெடுத்துத்தானே வெட்டச் சொன்னேன்," என்றான் ஆஷிக். முகம் சின்னதாகிவிட்டது.

"லேத்துக்காரன் சின்னதா வெட்டிட்டான். விடு, பேக்கிங் வெச்சுக்கலாம்," என்றேன்.

"சாரி அங்கிள். நான் நின்னு பாத்திருக்கணும்."

"விடு விடு."

அவர்கள் மாடிக்குப் போன பிறகு மரத்துண்டு இழைத்து நாலு பக்கமும் பேக்கிங் வைத்தேன். ஆட்டம் நின்றது. ஸ்கேல்களை எல்லாம் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்து, வேறு வரிசையில் மாட்டினேன். தூசி அதிகம்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. அல்சராக இருக்கும்.

செப்டம்பர் 28, சனி

முகத்துப் பள்ளத்தில் டேப்லெட் நிற்கவில்லை. லொடலொட. ஃபெல்ட் துணி ஒட்டினேன்.

வினோதினி தோளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு கோடு பெயின்ட். சின்ன வயசில் ஹோலி என்று சொல்லி ஷெட்டில் இருந்த ரெட் ஆக்ஸைடை முகத்தில் பூசிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கு கண்ணு."

நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாதிரி தோள் வளைவை இழைக்க இந்த ஊரில் இன்னொருத்தன் வரட்டும் பார்ப்போம்.

அக்டோபர் 3, வியாழன்

இன்று கலா மேல் பாய்ந்துவிட்டேன். வினோதினியை ரோபோ பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டு, "இவ உசரம்னுதான சொன்னீங்க? மாப்பிள்ள ரெண்டு விரக்கடை ஒசந்து நிக்கறாரே," என்றாள்.

"சக்கரத்து மேல நிக்குதல்ல, அப்படித்தான் இருக்கும். தெரியாத விசயத்துல வாய வெக்காத," என்று கத்தினேன்.

வினோதினி, "மாப்பிள்ள ஒசரமா இருந்தா நல்லதுதானம்மா" என்று கேலியாக்கி முடித்தாள். கலா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். விஜயதசமி காலை. புது வேலைக்கு நல்ல நாள் என்று அவர்கள் மேனேஜரே சொன்னாராம்.

ராஜாமணியின் பேட்டர்னை நான் தொடக்கூட இல்லை. எந்த வேலையும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போல, எழுந்தால் உட்கார வேண்டும் போல.

அக்டோபர் 9, புதன்

ஒன்றுமில்லை. மழை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலையில் விழித்ததும் ஒன்று தோன்றியது. தோளின் இரண்டு பக்கத்தையும் இழைத்தால் போதும். பெயின்ட் போகும், போகட்டும். ஒரு மத்தியானத்து வேலை. மறுபடி பெயின்ட் அடித்தாலும் நாளைக் காலைக்குள் காய்ந்துவிடும்.

எதற்கு இழைக்க வேண்டும் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஷெட்டுக்குப் போனால், கலா எனக்கு முன்னாலேயே எழுந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பூஜைக்கு அடுக்கிவிட்டிருந்தாள். இழைப்புளி, உளி, ரம்பம், ஸ்கேல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரோபோவுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து இந்த ஷெட்டில் அதுதான் வழக்கம். ஒரு வருஷம்கூட மீறியதில்லை.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து கலா கேட்டாள்.

"என்னுங்க, எதாச்சும் வேல பாக்கியிருக்குதா?"

"இல்ல."

"இருந்தா எடுத்துக்கங்க. புள்ள காரியம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"இல்லைங்கறேன்ல. பூசைல வெச்சத எடுக்கறதா?"

பொரி, சுண்டல், வாழைப்பழம். ஆஷிக் வந்திருந்தான், அவன் வீட்டுக்கு ஒரு பை நிறையப் பொரி கட்டிக் கொடுத்தோம். பூசணிக்காயை நானே உடைத்தேன். நன்றாக உடைந்தது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். நானும் போனேன். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

வராண்டாவில் நன்றாக ஓடியது. நர்சுகள் எல்லாம் போன் எடுத்தார்கள். லிஃப்டில் ஏறி இறங்கியது. ஒரு குழந்தை அதன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே சிரித்தார். வினோதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

பிறகு, நோயாளி இருக்கிற ரூம். கதவில் இடித்து நின்றது. பின்னால் எடுத்து மறுபடி விட்டார்கள். இரண்டு தோளும் கதவு நிலையில் உரசி மாட்டிக்கொண்டது. சுடுதண்ணி ஃப்ளாஸ்க்கோடு ஒரு அம்மா உள்ளே போக முடியாமல் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, தம்பிக்கு மாத்திர குடுக்கணும்," என்றார்.

டாக்டரம்மா, "இது ரூமுக்குள்ளயே போகலையேம்மா. எங்க கதவோட அளவ எடுத்துட்டுத்தான போனீங்க?" என்றார்.

"எடுத்தோம் மேடம்." வினோதினி நிலையைத் தொட்டுப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள். "என் டிராயிங் தப்பா இருக்கணும். சாரி மேடம். தப்பு என்னோடதுதான்."

ஆஷிக், "அளந்து பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அப்பா செஞ்சதுடா," என்றாள்.

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் நாக்கு இருந்தது. டெம்போக்காரன் நேரமாகுது என்றான். ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

வினோதினி மாடியிலிருந்து இறங்கவே இல்லை. டிராயிங்கை முதலிலிருந்து சரிபார்க்கிறாளாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்னும் சரிபார்க்கிறாள். தப்பு அகப்படவில்லை. எப்படி அகப்படும்.

ஆஷிக் பெங்களூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறான். போகும்போது, பேஸும் சின்னதாப் போச்சு, என்னால ஒண்ணுமே சரியாப் பண்ண முடியல அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்டோபர் 16, புதன்

இட்லிக்கு உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குக் கணக்கே வரலப்பா. எங்க தப்புன்னு தேடறேன், தேடறேன், கெடைக்க மாட்டேங்குது. தப்பு பண்ணது கூடப் பரவால்ல. பண்ணது எங்கேன்னே தெரியலைன்னா, நான் எந்த தைரியத்துல இன்னொண்ணு வரைவேன்? அதுவும் ஆஸ்பத்திரிக்கு." பிறகு அம்மாவிடம், கோபிக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல் என்றாள். புனேக்கு நாளை மறுநாள் மெயில் போட்டுவிடுவாளாம், வரவில்லை என்று.

அவள் போன பிறகு கலா தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சந்தோசம்தானுங்களா?"

"எனக்கென்ன சந்தோசம்? உனக்குத்தான் சந்தோசம், வரன் அமையுது."

"நான் அவள போகட்டும்னு சொன்னவ."

தட்டைக் கழுவப் போய்விட்டாள். எவ்வளவு தெரியும் இவளுக்கு?

அக்டோபர் 18, வெள்ளி

புரட்டாசி முடிந்து இன்றைக்குத்தான் வீட்டில் கறி. வாசனை தெருவரைக்கும் வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

மாடிக்குப் போனேன். வினோதினி கம்ப்யூட்டரில் மெயில் அடித்துக்கொண்டிருந்தாள். என் கையில் இரண்டு ஸ்கேல். அவள் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு முனையைச் சேர்த்து வைத்தேன். இந்த முனையில் சரியாக இருந்தது. அந்த முனையில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுலதான் குறி போட்டேன்," என்றேன். "ஸ்டீல் வார்ப்புக்கு வெச்சிருக்கற ஸ்கேல். கைப்பழக்கத்துல எடுத்துட்டேன். உன் டிராயிங்ல தப்பில்ல. ஆஷிக் பேஸ்லயும் தப்பில்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நீட்டிக்கொண்டிருந்த அந்த இடத்தை விரலால் தொட்டாள். முகம் தெளிந்தது. ஒரு நொடி, சத்தியமாகச் சிரித்தாள். "ஐயோ அப்பா, இவ்ளோதானா? நான் பைத்தியம் புடிச்சு…" என்று ஆரம்பித்தவள், நிறுத்தினாள். பேஸ் என்று நான் சொன்னது அப்போதுதான் உள்ளே போயிருக்க வேண்டும்.

"எப்பத் தெரியும்ப்பா?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே கீழே வந்து கறி சாப்பிட்டிருப்பாள்.

"பேஸ் வந்த அன்னிக்கு."

அவள் என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் புனே போறேன்னு சொன்னதுக்கு அப்பறம்."

"ஆமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த வழி அதுதான். அவள் மெயிலை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"ஆஷிக்குக்கு நீங்க சொல்லணும். டாக்டருக்கும் நீங்கதான் வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"கீழ போங்கப்பா."

அக்டோபர் 19, சனி

ஆஷிக் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் அம்மா பிரியாணி வைத்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பையன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "நீங்க லேத்துக்காரன் தப்புன்னு சொன்னதால, அவரோட சண்ட போட்டு உறவே விட்டுப் போச்சு அங்கிள். அவருகிட்டயும் நான் போகணும்," என்றான். நானும் வருகிறேன் என்றேன். போனோம்.

கோபிக்காரர்களை வர வேண்டாம் என்று கலா போனில் சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் சொன்னாள், என்னவென்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ரூமில் நின்றுகொண்டு சொன்னேன். "பொண்ணு கணக்கு சரிங்க. மரத்த வெட்டினவன் நான். தப்பான ஸ்கேல்ல வெட்டிட்டேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்." கடைசி வாக்கியத்தை வினோதினி சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உங்க வயசுல ஒருத்தர் வந்து இப்படிச் சொல்றத நான் பாத்ததில்ல. பாராட்டறதா திட்டறதான்னு தெரியல," என்றார். வியாழக்கிழமை மறுபடி கொண்டுவாருங்கள் என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

இழைத்தேன். வினோதினி புது டேப் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு சீவலுக்கும் அளந்தாள். "இன்னும்," "இன்னும் கொஞ்சம்," "போதும்." இந்த மூன்றைத் தவிர நாள் முழுக்க வேறு பேச்சு இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

போயிற்று. எல்லாக் கதவிலும் நுழைந்து போயிற்று. ஒரு பாட்டையா மாத்திரையை எடுத்துக்கொண்டு அதற்குத் தேங்க்ஸ் சொன்னார். வினோதினியும் ஆஷிக்கும் வராண்டாவில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நான் டெம்போவிலேயே உட்கார்ந்திருந்தேன், ஆஷிக் ஓடிவந்து சொன்னான்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வினோதினி காலில் விழுந்து கும்பிட்டாள். நெற்றியில் திருநீறு வைத்தேன். பேசவில்லை.

நவம்பர் 4, திங்கள்

ரயில் ஏறிவிட்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், "பி.பி. மாத்திர மறக்காதீங்க," என்றாள். ரயில் போன பிறகு கலா பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, எந்த ஊர் வழியா போகும், எப்ப போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

நவம்பர் 13, புதன்

ராஜாமணி பேட்டர்னை முடித்து அனுப்பினேன். தினமும் கலாவுக்கு போன் வருகிறது. அப்பா சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாளாம். கேட்டாள் என்று கலா வந்து சொல்வாள், அவ்வளவுதான். வீட்டில் இருக்க முடியவில்லை. சத்தி ரோடு.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று போன் வந்தபோது கலா நீட்டினாள். "உங்ககிட்டதான் பேசணுமாம்."

"அப்பா, ஹைதராபாத்ல ஒரு ஆஸ்பத்திரி கேக்கறாங்க. இதே மாதிரி இன்னொண்ணு மரத்துல வேணும். இங்க ரெண்டு பேர செஞ்சு பாக்கச் சொன்னேன், அந்தத் தோள் யாருக்கும் வரல."

"செஞ்சு தர்றேன் கண்ணு. டிராயிங்க அனுப்பு."

"அனுப்ப மாட்டேன். நானே எடுத்துட்டு வர்றேன். நான் பக்கத்துல நின்னு அளந்ததுக்கு அப்பறந்தான் ஒவ்வொரு பலகையும் வெட்டணும். முடியற வரைக்கும் அங்கயேதான் இருப்பேன். சம்மதமா?"

அவள் குரலில் விளையாட்டு இல்லை. உண்மையிலேயே கேட்டாள்.

சம்மதம் என்றேன். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றாள். கலாவிடம் போனைக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு வந்து பெஞ்சைத் துடைத்தேன்.

என்னை நம்பாமல்தான் வருகிறாள். வந்தால் போதும்.